சுபன் வீட்டு நாய்



மஜ்ஜிம நிகாயத்தின் 135ஆம் சூத்திரத்தைப் பௌர்ணமி நாட்களில் நாம் பலமுறை ஓதக் கேட்டிருக்கிறோம். மக்களுள் சிலர் நீண்ட ஆயுள் பெறுவதும் சிலர் இளமையிலேயே மாய்வதும் ஏன்? சிலர் நோயின்றி வாழச் சிலர் ஓயாத பிணியில் உழல்வது ஏன்? இவ்வாறு சுபன் என்னும் பிராமண இளைஞன் வினவுகிறான். பகவான் விடை பகர்கின்றார். ஆனால் அவ்வினா எங்கிருந்து பிறந்தது என்பதை நம்மில் பலர் கேட்டதில்லை. ஒரு நாயின் பொருட்டுப் பிறந்த வினா அது. சூத்திரத்தின் மூலத்தில் அந்த நாய் இல்லை. பழைய உரையாசிரியர்கள் சொல்லும் வரலாற்றில் இருக்கிறது.

சுபனின் தந்தை தோதேய்யன் பெருஞ் செல்வர். கொடுத்தால் குறையும் என்பதே அவர் அறிந்த கணக்கு. பகவான் அண்டை அயலில் எழுந்தருளியிருந்த காலத்திலும் ஒரு கரண்டிக் கஞ்சி அவர் வீட்டிலிருந்து வெளியே வந்ததில்லை. அவர் இறந்தபின் அவ்வீட்டிலேயே ஒரு நாய்க்குட்டி பிறந்தது. சுபன் அதன்மீது உயிரையே வைத்தான். தான் உண்ணும் உணவையே அதற்கும் ஊட்டினான். கையால் வாரியெடுத்து நல்ல படுக்கையில் கிடத்தினான். ஒருநாள் அவன் வெளியே சென்றிருந்த வேளையில் பகவான் பிட்சைக்காக வாயிலில் வந்து நின்றார். நாய் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. பகவான் அதனைத் தோதேய்யன் என்று பேர் சொல்லி அழைத்து, முன்பிறவியில் தம்மை ஏளனம் செய்த வாய் இன்றும் ஓயவில்லையே என்றார். அது தலை தாழ்த்திச் சென்று அடுப்புச் சாம்பலில் சுருண்டுகொண்டது. வேலையாட்கள் எவ்வளவு முயன்றும் படுக்கைக்குத் திரும்பவில்லை.

வீடு திரும்பிய சுபன் செய்தி அறிந்து கொதித்தான். பிரம்ம லோகத்துக்குப் போன தன் தந்தையை நாய் என்பதா என்று பகவானிடம் வழக்காடச் சென்றான். பகவான் அவனிடம் வாதாடவில்லை. தந்தை சொல்லாமல் மறைத்துவிட்டுப் போன பொருள் ஏதேனும் உண்டா என்று கேட்டார். பொன்மாலை, பொற்பாதுகை, பொற்கிண்ணம், ஒரு லட்சம் கார்ஷாபணம் ஆகியவை காணவில்லை என்றான். நாய்க்கு நல்ல பாற்சோறு ஊட்டி, அது கண்ணயரும் வேளையில் கேட்டுப் பார் என்றார் பகவான். சுபன் கேட்டான், நாய் புதைத்த இடத்தைக் காலால் பறித்துக் காட்டியது. அதன்பின்னரே சுபனுக்குச் செருக்கு அடங்கி, ஆயுளையும் ஆரோக்கியத்தையும் பற்றிய கேள்வி எழுந்தது.

மறுபிறப்பைப் பற்றி நம்மிடையே பலவிதக் கருத்துகள் உண்டு. ஆன்மா ஒன்று கூடுவிட்டுக் கூடு பாய்கிறது என்பதைப் பாபாசாகேப் அம்பேத்கர், 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் மறுத்திருக்கிறார். ஆகவே உரையாசிரியர் கதையை எழுத்துக்கு எழுத்து நம்புமாறு நாம் யாரையும் வற்புறுத்தவில்லை. கதைக்குள் இருக்கும் ஒரு செய்தியை மட்டும் கவனிக்கச் சொல்கிறோம். சுபன் தன் நாயிடம் குறைவற்ற பாசம் கொண்டிருந்தான். அந்தப் பாசம் அவன் வீட்டு வாயிலைத் தாண்டவில்லை. பகவான் அவனுக்கு அளித்த விடையோ வாயிலைத் தாண்டியது. உயிர்க்கொலை செய்வோர்க்குக் குறுகிய ஆயுள், கொலை நீத்தவர்க்கு நீண்ட ஆயுள். கையாலும் மண்ணாங்கட்டியாலும் தடியாலும் ஆயுதத்தாலும் உயிர்களைத் துன்புறுத்துவோர்க்கு நோய், அதனை விட்டவர்க்கு ஆரோக்கியம் என்றார். மண்ணாங்கட்டி என்ற சொல்லைக் கவனியுங்கள். அரசர்களும் படைவீரர்களும் எறிவது அன்று அது. தெருவில் போகிற நாய்மீது, யாதொரு காரணமுமின்றி, நம் வீட்டுப் பிள்ளைகள் எறிவது.

இங்கே சிலர் உள்ளத்தில் ஒரு கசப்பு எழக்கூடும். அதனை மறைப்பதில் பயனில்லை. நாய் என்ற சொல் நம் முன்னோர்மீது வசையாக வீசப்பட்ட சொல். நாயும் கழுதையுமே சண்டாளரின் செல்வம் என்று மனுவின் நூல் பத்தாம் அத்தியாயத்தில் விதித்தது. நாயைச் சமைப்பவர் என்று பொருள்படும் ஒரு சொல்லையே ஒரு மக்கட் கூட்டத்துக்குப் பெயராகச் சூட்டியது. மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் சவுதார் குளத்தில் கால்நடைகள் தண்ணீர் குடித்தன. நாயும் தடையின்றிக் குடித்தது. மனிதர் சிலர் மட்டும் குடிக்கலாகாது என்றிருந்தது. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் பாபாசாகேப் அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். அந்நாளில் நாய்க்கு இருந்த உரிமை நமக்கில்லை என்று கேட்டபோது, நாயின் உரிமையைப் பறிக்கவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. மனிதனுக்குரியதை மனிதனுக்குக் கொடு என்றே கேட்டார்கள். குளக்கரையில் நின்ற நாய் நம்மைத் தடுக்கவில்லை. தடுத்தவன் மனிதன். நாயை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே அண்டை வீட்டு மனிதனைத் திண்ணையில் ஏற்றாதவன் இன்றும் இருக்கிறான். அவனுடைய கொஞ்சலை நாம் ஜீவகாருண்யம் என்று ஒப்புக்கொள்வதற்கில்லை. ஆனால் அவன்மீதுள்ள சினத்தை வாயில்லாப் பிராணிமீது தீர்ப்பதும் நமக்கு ஏற்றதன்று.

ஜாதகக் கதைகளுள் 22ஆவதான குக்குர ஜாதகம் இவ்விஷயத்தில் நம் வீட்டுக் கதை போன்றது. காசி அரசன் உலாச் சென்று திரும்பி, தேரைக் கட்டிய வார்களுடனேயே முற்றத்தில் நிறுத்தினான். இரவு மழை பெய்து தோல் நனைந்து ஊறியது. அரண்மனையில் வளர்ந்த உயர்சாதி நாய்கள் இறங்கி வந்து வார்களைத் தின்றுவிட்டன. காலையில் ஏவலர்கள், சாக்கடை வழியே தெருநாய்கள் புகுந்து தின்றன என்றார்கள். கண்ட இடத்தில் நாய்களைக் கொல்லுமாறு அரசன் ஆணையிட்டான். அப்பொழுது போதிசத்துவர் நாயாகப் பிறந்து, சுடுகாட்டில், நூற்றுக்கணக்கான நாய்களுக்குத் தலைவராக வாழ்ந்திருந்தார். இனத்தார் அழுதுகொண்டு வந்து முறையிட்டனர். காவல் மிகுந்த அரண்மனைக்குள் வெளிநாய் புக வழியில்லையே, இது உள்நாய்களின் செயலாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் தேர்ந்தார். மைத்திரி ஒன்றையே துணையாகக் கொண்டு தனியே நகருக்குள் நடந்தார். அவர்மீது யாரும் கல்லெடுக்கவில்லை. நீதிமண்டபத்தில் நுழைந்து அரசனின் ஆசனத்தின் அடியில் புகுந்துகொண்டார்.

அங்கே நடந்த விசாரணை வெகு அழகானது. நாய்களை ஏன் கொல்கிறாய்? தேர்த்தோலைத் தின்றன. எந்த நாய் தின்றது என்று அறிவாயா? அறியேன். அறியாமல் எல்லா நாயையும் கொல்கிறாயா, சில நாய்களுக்கு விலக்கு உண்டா? அரண்மனை நாய்களுக்கு விலக்கு உண்டு. இவ்வளவில் அரசன் அகப்பட்டுக்கொண்டான். எல்லா நாயும் என்று சொல்லிவிட்டு எளிய நாயை மட்டும் கொல்வது நீதியன்று, பட்சபாதம் என்று எடுத்துரைத்தார் போதிசத்துவர். பிறகு மோரில் தருப்பைப் புல்லைக் கலந்து அரண்மனை நாய்களுக்குப் புகட்டச் செய்தார். அவை தோல் துண்டுகளைக் கக்கின. அரசன் தன் வெண்கொற்றக் குடையையே அந்தச் சுடுகாட்டு நாயின் திருவடியில் சமர்ப்பித்து, எல்லா உயிர்க்கும் அபயம் அளித்தான். யாரோ செய்ததற்காகச் சேரியே தண்டிக்கப்பட்ட வரலாறு அறிந்தவர்களுக்கு இக்கதைக்கு உரை வேண்டுவதில்லை.

ஆயினும் இக்கதையைச் சொல்லித் தெருநாய்ப் பிரச்சினையைத் தட்டிக் கழிக்கவும் முடியாது. தெருவில் விளையாடும் குழந்தையின் கன்னத்தை நாய் கடித்துக் கிழித்தால், அந்தத் தாயிடம் ஜாதகக் கதை சொல்லலாமா? வெறிநாய்க்கடி நோய் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேரைக் கொல்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மடிபவர்களில் நூற்றுக்கு 40 பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர். அவர்கள் பெரும்பாலும் மாடி வீட்டுப் பிள்ளைகள் அல்லர்; தெருவில் நடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், வெளியே கட்டிலில் உறங்கும் பிள்ளைகள். நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தவர் அரிதினும் அரிது. ஆனால் தோன்றுமுன் தடுப்பது உறுதி. லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு முதன்முதல் மருந்தேற்றிக் காத்தார். தமிழ்நாட்டில் குன்னூரில் 1907 முதலே அவர் பெயரால் ஒரு நிலையம் இப்பணி செய்து வருகிறது.

கடித்த உடனே காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கலாகாது. மந்திரிக்கச் சென்று ஒரு பொழுதையும் வீணாக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்றைக்குப் பொருந்தாது. கையில் சில ஊசிகள்தாம். காயம் ஆழமானால் காயத்திலேயே செலுத்தும் மருந்தும் ஒன்று உண்டு. எத்தனை ஊசி சொன்னார்களோ அத்தனையும், சொன்ன நாளில், தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

நாயைக் கொன்றால் நோய் ஒழியும் என்று நினைப்பவர்களுக்கு அனுபவம் வேறு பாடம் சொல்லியிருக்கிறது. கொன்ற தெருவில் எஞ்சிய சோற்றைத் தேடி அடுத்த தெரு நாய் வந்துவிடும். ஒரு பகுதி நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுபடுகிறது என்பது மருத்துவர்கள் கண்ட முடிவு. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையைச் சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் நிறுவிய புளூ கிராஸ் சங்கத்தார் 1960களிலேயே தொடங்கினார்கள். 2001இல் அது நாடு முழுமைக்கும் விதியாயிற்று. 2023இல் அவ்விதிகள் திருத்தி எழுதப்பட்டன. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் டில்லிப் பகுதித் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதினொரு நாள் கழித்து மூன்று நீதிபதிகள் அதனைத் திருத்தி, வெறியுற்றவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் செய்து அதே இடத்தில் விடுமாறு கூறினர். எது வெறியுற்ற நாய், எது அன்று என்று பகுத்துப் பார்த்த அந்த ஒரு வரியில் குக்குர ஜாதகத்தின் கேள்வி ஒலிப்பதாக நமக்குத் தோன்றியது. பகுப்பதற்குப் பணமும் ஆளும் வேண்டும் என்பது வேறு விஷயம். ஊசி போடும் முகாம் நம் வட்டாரத்துக்கு வரும்போது, தெருநாயைப் பிடித்துக்கொடுக்க நம் இளைஞர்கள் நான்கு பேர் முன்வந்தால் அதுவும் தானமே.

வீட்டில் வளர்க்கும் நாயைப் பற்றியும் சொல்லவேண்டும். அசோக மன்னர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதருக்கும் விலங்குகளுக்கும் வைத்திய வசதி செய்ததைக் குறிக்கிறார். சோழர், பாண்டியர் நாடுகளையும் அங்கே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார். மூலிகை இல்லாத இடத்தில் வரவழைத்து நடச் செய்தார். அன்பு மருந்தாக வேண்டும் என்பதை அறிந்த அரசர் அவர். நம்மில் பலர் நாய்க்குப் பேர் சூட்டுகிறோம், கழுத்தில் மணி கட்டுகிறோம். ஊசி போட்ட தேதியைக் கேட்டால் விழிக்கிறோம். பிறந்த ஆறெட்டு வாரத்தில் தொடங்கிப் பிராணி வைத்தியர் சொல்லும் ஊசிகளும் பூச்சி மருந்தும் தவறினால், குட்டிகளை வாரிக்கொண்டு போகும் ரத்த பேதியும் டிஸ்டெம்பரும் பேர் சூட்டியதற்காக விட்டுவிடுவதில்லை. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சையும் சாக்லெட்டும் நஞ்சு. வேகவைத்த கோழியெலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

எல்லாவற்றிலும் அதிகமாக நாயைக் கெடுப்பது, பாசத்தால் மிகுதியாக ஊட்டுவது. கோசல அரசன் பசேநதி ஒரு மரக்கால் அரிசிச் சோறு உண்டு மூச்சுவாங்க வந்து பகவான் முன் அமர்ந்ததும், அளவறிந்து உண்பவன் மெல்லவே மூப்படைவான், ஆயுளைக் காப்பான் என்று பகவான் உபதேசித்ததும் நமக்குத் தெரியும். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மற்றதைவிட நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு குறைவாக உணவளித்து வாழ்நாள் முழுதும் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளியாயிற்று. குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு அதிகம் வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பசேநதிக்குச் சொன்னது நாய்க்கும் பலித்திருக்கிறது!

நாய்களுள் நீண்ட ஆயுள் பெற்றதாக நெடுங்காலமாகப் பேசப்படுவது ஆஸ்திரேலியாவின் புளூயி. 1910இல் பிறந்து, விக்டோரியா மாகாணத்து ரோச்செஸ்டரில் ஏறக்குறைய இருபது ஆண்டு ஆடுமாடு மேய்த்து, 1939இல் 29 வயதும் ஐந்து மாதமும் நிரம்பி மாண்டது. போர்ச்சுக்கல் நாட்டுப் பாபி 31 ஆண்டு வாழ்ந்ததாக 2023இல் உலகமெங்கும் செய்தி வந்தது. பிறந்த நாளுக்குச் சான்று போதாது என்று 2024இல் கின்னஸ் நிறுவனம் அப்பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பொய்க்கணக்கு எழுதி ஒரு நாய்க்கும் ஒரு நாள்கூட ஆயுளைக் கூட்ட முடியாது. பாபி நெடுநாள் நன்றாக வாழ்ந்தது என்றளவில் நாம் மகிழ்வோம்.

பழைய நூல்களில் நாயின் அன்பைச் சொல்லும் கதைகளுள் கோசகன் கதைக்கு இணையில்லை. தம்மபத உரையில் வருவது அது. ஓர் இடையன் வீட்டில் உணவு ஏற்று வந்தார் ஒரு பச்சேக புத்தர். அவரை அழைத்துவர இடையன் செல்லும்போது நாயும் உடன்செல்லும். கொடுவிலங்கு இருக்கும் புதர்களை இடையன் தடியால் தட்டிக்கொண்டே போவான். ஒருநாள் நாயைத் தனியே அனுப்பினான். தலைவன் தட்டிய இடந்தோறும் நின்று மும்முறை குரைத்துச் சென்று, குடில் வாயிலிலும் மும்முறை குரைத்து, படுத்துக்கொண்டது அந்த நாய். அவர் சோதிக்க எண்ணி வேறு வழியே திரும்பினால் குறுக்கே நின்றது. பின்னும் நடந்தால் ஆடையின் விளிம்பைப் பல்லால் பற்றி இழுத்துச் சரியான பாதையில் விட்டது. பின்னொரு நாள் அவர் விடைபெற்றுக் கந்தமாதன மலைக்கு ஆகாய வழியே எழுந்தபோது, கண்ணுக்கு மறையும்வரை அண்ணாந்து குரைத்துக்கொண்டே நின்று, மறைந்ததும் இதயம் வெடித்து மாண்டது. மனிதர் நெஞ்சில் ஒன்று நினைத்து வாயால் ஒன்று சொல்வர், விலங்குகளுக்கு அந்தக் கோணல் இல்லை என்று இவ்விடத்தில் உரைகாரர் நின்று கூறுகிறார். அந்த உயிரே பின்னர்க் கோசாம்பியில் கோசகச் செட்டியாகப் பிறந்து கோசிதாராமம் என்ற விகாரையைக் கட்டியதாம். 1950களில் அலகாபாத் பல்கலைக்கழகத்தார் கோசாம்பியில் அகழ்ந்து அந்த விகாரையின் சுவர்களையும் அதன் பெயர் பொறித்த கல்லையும் கண்டெடுத்தனர்.

ஏட்டில் உள்ள அந்நாய்க்கு இணையாக நம் காலத்தை ஒட்டி ஒரு நாய் ஜப்பானில் வாழ்ந்தது. 1923இல் பிறந்த ஹாச்சி, தோக்கியோவில் விவசாயப் பேராசிரியர் யுவேனோ ஹிதெசபுரோவின் வீட்டில் வளர்ந்தது. 1925ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் அவர் பணியிடத்திலேயே மாண்டார். அவர் வழக்கமாக இறங்கும் ஷிபுயா ரெயில் நிலையத்தில், ஏறக்குறைய பத்தாண்டு, அது காத்திருந்தது. பெரும்பாலோர் இவ்வளவையும் அறிவார்கள். அறியாதது மற்றொன்று. முதற்சில ஆண்டுகள் அந்த நிலையத்தார் அதனை விரட்டினார்கள், அடித்தார்கள், முகத்தில் மையைப் பூசி விளையாடினார்கள். அவர்கள் கண்ணுக்கு அது ஓர் உடையவனற்ற தெருநாய். 1932இல் ஒரு பத்திரிகையில் அதன் வரலாறு வெளிவந்தபின்தான் அன்பு பெருகியது. 1934இல் அது உயிரோடிருக்கும்போதே சிலை எழுந்தது. நாய் மாறவில்லை, பார்த்தவர்களுக்குச் செய்தி தெரிந்தது, அவ்வளவே.

ஹாச்சி 1935ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் பதினோராம் வயதில் தெருவில் மாண்டு கிடந்தது. துயரத்தால் மாண்டது என்றே பலர் எழுதினார்கள். பாதுகாத்து வைத்திருந்த அதன் உறுப்புகளைத் தோக்கியோ பல்கலைக்கழகத்தார் மீண்டும் ஆராய்ந்து 2011இல் முடிவு கூறினர்: இதயத்தில் புழு நோய், இதயத்திலும் நுரையீரலிலும் புற்றுநோய். இரைப்பையில் மூங்கில் ஈர்க்குகள் சில இருந்தன. பரிவுள்ளவர்கள் போட்ட கோழியிறைச்சி கோத்த ஈர்க்குகள் அவை. அந்த இதயப் புழு கொசுவால் வருவது. இன்று மாதத்துக்கு ஒரு மாத்திரையால் அதனைத் தடுக்கலாம். கொசு மிகுந்த நம் ஊர்களில் நாய் இளைத்து இருமினால் மூப்பு என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

யுவேனோவின் கல்லறை தோக்கியோவின் ஆவோயாமாவில் இருக்கிறது. அதன் அருகே ஹாச்சிக்கும் ஒரு சிறு நினைவிடம் உண்டு. அது மாண்ட எண்பதாம் ஆண்டு நிறைவில், 2015ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், பேராசிரியர் பணிபுரிந்த விவசாயப் பிரிவின் வளாகத்தில் மற்றொரு சிலை திறக்கப்பட்டது. ஷிபுயாவின் சிலையில் நாய் தனியே அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. இதிலோ பேராசிரியர் வந்துவிட்டார். பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து நிற்கிறார். நாய் பின்னங்கால்களில் எழும்பி அவர்மேல் தாவுகிறது.